இருநூறு மில்லிமீட்டரில் ஒரு நோட்டீஸ்

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், அப்பா, இரண்டு ஆட்கள், கணக்கு எழுத நான். பாதி வேலை காசிமேட்டிலிருந்து வரும்: விசைப்படகுகளின் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டு, அது சுழல்வதற்கான உறையான புஷ். மீதி மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் பம்பு ஷாஃப்டும் கப்ளிங்கும். வாசலில் பெயர்ப்பலகை துருப்பிடித்துத் தொங்குகிறது. அதைப் படித்து உள்ளே வந்தவர் என்று ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை. எல்லாம் வாய்வழி வந்தவர்கள்தாம்.

தை மாதக் கடைசியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு தொழில் கண்காட்சி. தெரிந்த இரண்டு பட்டறைக்காரர்களோடு சேர்ந்து மூன்றுக்கு மூன்று மீட்டரில் ஓர் அரங்கு பிடித்தோம். ஒன்பது சதுர மீட்டரை மூன்று பேர் பங்கு போட்டால் நமக்கு மிஞ்சுவது ஒரு மேசையும் ஒரு நாற்காலியும். லேத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. "ஒரு நோட்டீஸ் அடித்துவிடம்மா" என்று அப்பா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, ஷாஃப்டுக்குக் கீவே என்கிற நீளப் பள்ளம் வெட்டப் போய்விட்டார்.

முதல் வரைவை ஒரே இரவில் போட்டேன். ஏ4 தாள், இரண்டு பக்கம். உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பட்டறைப் பெயர் பெரிதாக. அடுத்து 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. பிறகு எங்களிடம் இருக்கும் இயந்திரங்களின் பட்டியல், லேத்தின் படுகை நீளம் உட்பட. நாங்கள் செய்யும் வேலைகள் இருபத்திரண்டு. லேத் படம் ஒன்று, அப்பா படம் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதியவருக்குப் பிடிக்காமல் போகுமா?

மறுநாள் அதை வீட்டு பிரிண்டரில் எடுத்து, பட்டறைக்கு வந்து போனவர்களிடம் மூன்று விநாடி காட்டிவிட்டுத் திருப்பி வைத்துக்கொண்டேன். "இது என்ன கடை?" என்று மட்டும் கேட்டேன். கண்காட்சியில் நடந்துகொண்டே வாங்குகிறவர் அதைவிட அதிக நேரம் பார்க்கப் போவதில்லை. டீ கொண்டு வரும் பையன் "மெஷின் விற்கிற கடை" என்றான். இரும்பு லோடு இறக்க வந்த டிரைவர், "ஸ்டீல் பாத்திரமா?" என்றார். எங்களிடமே இரண்டு முறை ஷாஃப்ட் செய்துகொண்ட படகுக்காரர் ஒருவர், "அப்பா படம் நன்றாக இருக்கிறது, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். அத்தோடு அந்த வரைவு பரணுக்குப் போனது.

பிறகு வேறு வழியில் போனேன். வருகிறவர்கள் எங்களிடம் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்வி: "டிராயிங் இல்லையே, செய்ய முடியுமா?" பழைய இறக்குமதி பம்பு, தயாரித்த நிறுவனமே இன்று இல்லை, கையில் இருப்பது தேய்ந்த ஷாஃப்ட் மட்டும். இதற்கு அப்பா அன்றாடம் சொல்லும் பதிலே தலைப்பாகிவிட்டது:

'வரைபடம் வேண்டாம். தேய்ந்த பாகத்தைக் கொண்டு வாருங்கள்.'

அப்பாவுக்கு மனசில்லை. "இயந்திரப் பட்டியல் இல்லாவிட்டால் நம்மை எப்படி நம்புவார்கள்?" என்றார். நாற்பது வருடமாகப் படகுக்காரர்கள் எந்தப் பட்டியலைப் பார்த்து நம்பினார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, ஆனால் அன்று மதியம் அவராகவே ஒரு வரியை வெட்டினார். மீன்பிடித் தடைக்காலத்தை மனத்தில் வைத்து, 'ஏப்ரல் 15க்கு முன்பே அளவு கொடுத்துவிடுங்கள்' என்று நான் எழுதியிருந்தேன். "ஷாஃப்டைக் கழற்றாமல் எந்த அளவைக் கொடுப்பான்? படகு கரையேறுவதே தடைக்காலத்தில்தானே" என்றார். சரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கடலுக்குப் போவதில்லை, பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். அந்த வரி 'தடைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை உண்டு' என்று மாறியது. கேட்க அழகாக இருந்த வரி போய், உண்மையான வரி வந்தது.

அடுத்தது அளவு. ஏ4ஐ மூன்றாக மடிப்பதை யோசித்து உடனே கைவிட்டேன். நின்றுகொண்டு மடிப்புப் பிரித்துப் படிப்பவரை நான் பார்த்ததில்லை. ஏ5 மோசமில்லை. கடைசியில் ஏ4இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 99க்கு 210 மில்லிமீட்டர் என்று முடிவு செய்ததற்குக் காரணம் சட்டைப்பை. அகலம் சட்டைப்பைக்குள் இறங்கும், மேல் பாதி வெளியே தெரியும். இன்னொரு லாபமும் இருந்தது. டிஜிட்டல் அச்சில் ஓடும் 13க்கு 19 அங்குலத் தாளில், சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் விட்டாலும் இது ஆறு விழும். ஏ5 நான்குதான் விழும். அறுநூறு நோட்டீஸுக்கு நூறு தாள். ஆஃப்செட்டில் அடித்தால் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட், அந்தச் செலவு நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அறுநூறுக்கு அது கட்டுப்படியாகாது.

210 மில்லிமீட்டர் நீளம் என்றதும் வந்த யோசனைதான் இந்த வேலையின் உயிர். ஓரத்தில் 200 மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்றை அச்சிட்டால் என்ன? பின்பக்கம் உருண்டைக் கம்பியின் எடை அட்டவணை. நோட்டீஸைத் தூக்கிப் போடுவார்கள், ஸ்கேலைத் தூக்கிப் போட மனம் வராது. எடைக் கணக்கு எல்லாப் பட்டறையிலும் புழங்குவதுதான்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எஃகுக் கம்பியின் எடை கிலோவில் வரும். 25 மில்லிமீட்டர் கம்பி 3.86 கிலோ, 32க்கு 6.32, 40க்கு 9.88, 50க்கு 15.43, 63க்கு 24.5, 75க்கு 34.72. துருப்பிடிக்காத எஃகு என்றால் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். அட்டவணைக்குக் கீழே மூன்று வெற்றுக் கோடுகள்: பாகம், அளவு, எப்போது வேண்டும்.

படம் எடுத்ததில் இரண்டு நாள் போனது. தேய்ந்து பள்ளம் விழுந்த பழைய ஷாஃப்டையும் புதிதாகக் கடைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியின் ஃபிளாஷ் போட்டால் கடைந்த எஃகு கண்ணாடி போலப் பளிச்சிட்டு, விளிம்பே தெரியவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வெயில் நேராக விழாத வாசற்படியில் வெள்ளைச் சார்ட் தாளை விரித்து எடுத்ததும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதை மூன்றாவது முறைதான் கண்டுபிடித்தேன். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது அடுத்த தப்பு. அது படத்தைச் சுருக்கிவிட்டது. ஷாஃப்ட் இருந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்தபோது அகலத்தில் 480 புள்ளிகள்தான் மிஞ்சின. 90 மில்லிமீட்டர் அகலத்துக்கு அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் ஆயிரத்துச் சொச்சம் தேவை. அதே படத்தை ஆவணமாக அனுப்பியதும் சரியாகிவிட்டது.

அச்சு வேலைக்கு மண்ணடி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும். அட்டையை விரலால் தடவிப் பார்த்து வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. 130 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 130 கிராம் எடையுள்ள தாளில் ஸ்கேல் துவண்டது. 300 ஜிஎஸ்எம், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பான அட்டையை எடுத்தேன். வழவழப்பில் படம் நன்றாக விழும். மறுபக்கத்தில் பால்பாயிண்ட் பேனா எழுதும். "லேமினேஷன் போட்டால் பளபளவென்று இருக்கும்" என்று கடைக்காரர் ஆசை காட்டினார். பளபளப்பின் மேல் பேனா எழுதாதே! வேண்டாம் என்றேன்.

வடிவமைத்துத் தரும் டிடிபி கடை பக்கத்துத் தெருவில். அங்கேதான் தமிழ் என்னைச் சோதித்தது. நான் யுனிகோடில் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். கடை அண்ணன் வைத்திருந்தது பழைய மென்பொருள், பழைய எழுத்துரு. ஒட்டியதும் 'கொண்டு' என்பதில் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக நின்றன. "ஒன்றும் கவலையில்லை தங்கச்சி, மாற்றிவிடலாம்" என்று ஒரு மாற்றியில் போட்டார். பெரும்பாலும் சரியாக வந்தது. அந்தப் பெரும்பாலும்தான் ஆபத்து. ஒரு 'ஷா' காணாமல் போய், 'ஃப்ட்' மட்டும் நின்றது. கண் தானாகவே நிரப்பிக்கொண்டு படித்துவிட்டதால் இருவருமே கவனிக்கவில்லை. மறுநாள் அப்பா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தபோதுதான் மாட்டியது. தொலைபேசி எண்ணைப் படித்துச் சரிபார்க்கவில்லை. புரூஃபில், அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரிப் படியில், இருந்ததைப் பார்த்து எண்களை அழுத்தினேன், பட்டறையில் மணி அடித்தது, போதும். எல்லாம் சரியானதும் எழுத்துகளை முழுவதும் கோட்டுருவமாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்பச் சொன்னேன். அதன் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு ஓடிப்போகாது.

நிறத்தில் ஒரு பாடம். பட்டறைக் கதவின் நீலமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். திரையில் அழகான கருநீலம், புரூஃபில் கத்தரிப்பூ. அச்சில் நீலம், சியான் என்கிற வெளிர்நீல மையும் மெஜந்தா என்கிற ரோஜா நிற மையும் கலந்து வருவது. இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் ஊதாவுக்குச் சாய்ந்துவிடும். மெஜந்தாவை முப்பது புள்ளிக்கு மேல் குறைத்ததும் நீலம் நீலமானது. சிறிய எழுத்துகள் எல்லாவற்றையும் வெறும் கறுப்பில் வைத்தோம். நான்கு நிறம் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து போட்டால் ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

கியூஆர் கட்டம் எனக்கு ஒரு மாலைப் பொழுதைத் தந்தது. முதலில் பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் தமிழில் அதற்குள் திணித்தேன். எள்ளைக் கொட்டிவிட்டது போல ஒரு கட்டம் வந்தது. 15 மில்லிமீட்டரில் அச்சிட்டபோது கைப்பேசி அதைத் தடவித் தடவித் தோற்றது. காரணம் தமிழ்தான். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு ஆறு பைட். கியூஆர் கட்டம் குறைந்தபட்சம் 21க்கு 21 சதுரம், அதிகபட்சம் 177க்கு 177. உள்ளே எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு நெருக்கமாகும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வாட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் சிறு இணைப்பை மட்டும் வைத்தேன். மொத்தம் 26 எழுத்து. 25க்கு 25 சதுரத்தில் அடங்கிவிட்டது. அதை 25 மில்லிமீட்டரில் அச்சிட்டால் சதுரத்துக்குச் சரியாக ஒரு மில்லிமீட்டர். சுற்றிலும் நான்கு சதுர அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும் என்பது விதி. ஆக, நான்கு மில்லிமீட்டர். கடைசல்காரர் மகளுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறு என்ன வேண்டும்?

அந்த மகிழ்ச்சி மாதிரித் தாள் வரும் வரைதான்.

நான்கு தாள் ஓட்டி, இருபத்துநான்கு நோட்டீஸ் வெட்டிக் கொடுத்தார்கள். நீலம் சரி, படம் சரி, தமிழ் சரி. பெருமையோடு அப்பாவிடம் நீட்டினேன். அவர் தலைப்பைப் படிக்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. ஸ்டீல் ரூலை எடுத்து ஓரத்தில் வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நூற்றுத் தொண்ணூற்று நான்கு."

எனக்குப் புரியவில்லை.

"உன் இருநூறு, நூற்றுத் தொண்ணூற்று நான்குதான் இருக்கிறது. இதை நான் ஒருவன் கையில் கொடுத்தால், இவன் கடைகிற ஷாஃப்டும் இப்படித்தானே இருக்கும் என்று நினைப்பான். நினைக்க வேண்டும்."

தங்கசாலையில் அந்தக் காலத்தில் நாணயம் அடித்த இடத்தில்தான் பின்னால் அரசு அச்சகம் வந்தது. அச்சும் நாணயமும் ஒரே கூரைக்கு அடுத்தடுத்துக் குடிவந்த ஊரில், மூன்று சதவீதம் பொய் சொல்லும் ஸ்கேலை அச்சிட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

காரணம் அற்பமானது. அச்செடுக்கும்போது 'தாளுக்குள் பொருத்து' என்ற அமைப்பு இயங்கியிருக்கிறது. அச்சு விழக்கூடிய பரப்புக்குள் அடக்குவதற்காக இயந்திரம் எல்லாவற்றையும் மூன்று சதவீதம் சுருக்கிவிட்டது. வழக்கமான நோட்டீஸில் இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை மூன்று சதவீதம் சுருங்கினால் தாலி சுருங்குமா என்ன? ஸ்கேல் இருந்ததால் மாட்டியது. 'உள்ளது உள்ள அளவில்' என்று மாற்றச் சொல்லி, இந்த முறை நானே ஸ்டீல் ரூலோடு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன்.

இருநூறு இருநூறாக வந்தது. ஆனால் வேறொரு சிக்கல் தெரிந்தது. ஸ்கேலின் பூஜ்யத்தை அட்டையின் வெட்டு விளிம்பிலேயே வைத்திருந்தேன், கடையில் வாங்கும் ஸ்கேல் போல. கட்டாக அடுக்கி வெட்டும்போது தாள் அரை மில்லிமீட்டர், சில சமயம் ஒரு மில்லிமீட்டர் நகரும். சில நோட்டீஸில் பூஜ்யமே வெட்டுப்பட்டிருந்தது. விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பூஜ்யத்தை வைத்து, அங்கே ஒரு சின்ன அம்புக்குறி போட்டேன். இனி வெட்டு எங்கே விழுந்தாலும் அளவு மாறாது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். கடைசலில் முனையிலிருந்து அளவெடுப்பதா, குறித்த கோட்டிலிருந்து அளவெடுப்பதா என்று அப்பா ஆட்களைத் திட்டாத நாளில்லை. கூடவே, அட்டை ஈரக்காற்றில் கொஞ்சம் நீளும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக நீளும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நார் நீளவாக்கில் ஓடும்படி அடுக்கச் சொன்னேன். ஸ்கேலுக்குக் கீழே, 'தோராய அளவுக்கு மட்டும். துல்லியத்துக்குப் பட்டறைக்கு வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தார் அப்பா. நோட்டீஸ் முழுவதிலும் நன்றாக எழுதப்பட்ட வரி அதுதான், அது என்னுடையது இல்லை.

அறுநூறும் சேர்ந்து மூன்றே முக்கால் கிலோ. அதோடு காட்சிக்கு வைக்க 50 மில்லிமீட்டர் ஷாஃப்டில் ஓர் அடித் துண்டு. அது மட்டும் நாலரைக் கிலோவுக்கு மேல். கண்காட்சிக்காக ஆலந்தூர் போவதற்கு மெட்ரோவில் பையைச் சோதனை இயந்திரத்தில் விட்டபோது, பாதுகாவலர் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார். "இது என்ன?" என்று உருளையைக் காட்டிக் கேட்டார். விளக்கம் சொல்ல வாய் வராமல் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினேன். படத்தைப் பார்த்தார், ஷாஃப்டைப் பார்த்தார், "படகு ஷாஃப்டா? போங்கள்" என்றார். என் மூன்று விநாடிச் சோதனையில் முதலில் தேறியவர் அவர்தான். நோட்டீஸைத் திருப்பித் தரவுமில்லை.

கண்காட்சியில் நோட்டீஸை மேசைமேல் அடுக்கி வைக்கவில்லை. அடுக்கி வைத்தால் பை நிறைக்க வருகிறவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். நின்று ஷாஃப்டைத் தொட்டுப் பார்க்கிறவர்களிடம் மட்டும் பேசினேன். பேசும்போதே பின்பக்கத்து மூன்று கோட்டில் அவர் சொன்ன பாகத்தையும் அளவையும் எழுதி, அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு கொடுத்தேன். தன் வேலை தன் கண்முன் எழுதப்பட்ட தாளை யாரும் கசக்குவதில்லை. சிலர் வாங்கியவுடன் தம் ஸ்கேலையோ வெர்னியரையோ எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

முதல் நாள் மாலை, வெட்கத்தை விட்டு, வெளிவாசல் குப்பைத் தொட்டிகளை எட்டிப் பார்த்தேன். வழவழத்தாளில் பல பக்கப் புத்தகங்கள், மடிப்பே பிரிக்காத மூன்று மடிப்புத் தாள்கள், ஏராளம். எங்களுடையவை இரண்டு. ஒன்றில் யாரோ தொலைபேசி எண்ணைக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டிருந்தார்கள். அதை நான் வெற்றியில் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று நாளில் நானூற்றுப் பத்து போனது. இரண்டு வாரத்துக்குள் ஒன்பது பேர் அழைத்தார்கள், நான்கு வேலை வந்தது. கியூஆர் வழியாக வந்தவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் எண்ணை அழுத்திப் பேசியவர்கள். என் ஒரு மாலைப் பொழுதின் மதிப்பு அவ்வளவுதான். குறைகளும் தெரிந்துவிட்டன. எடை அட்டவணையை 7 புள்ளி எழுத்தில் போட்டது பெருந்தப்பு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் கையை நீட்டி, முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு படித்தார்கள். வாங்க முடிவு செய்கிறவர்களும் அந்த வயதுக்காரர்கள்தாம். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு 9 புள்ளிக்குக் குறைந்து கொடுப்பது அநியாயம், வரிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் காற்றும் வேண்டும். அடுத்த அச்சில் அப்பா சேர்க்கச் சொன்ன வேறு இரண்டு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தை அட்டவணைக்குக் கொடுக்கப் போகிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். கண்காட்சிக்குப் போனவர் இல்லை; மச்சான் கொடுத்தார் என்று சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். ஓரமெல்லாம் டீசல் கறை. "அண்ணா, எல்லாம் போட்டிருக்கிறீர்கள். என் ஷாஃப்ட் நாற்பத்தைந்து. அதைக் காணோமே?" என்றார்.

அப்பா சுண்ணாம்புக் கட்டியை எடுத்து லேத்தின் மூடிமேல் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்தை நாற்பத்தைந்தால் பெருக்கினால் 2025. அதை 162ஆல் வகுத்தார். பிசிறே இல்லாமல் பன்னிரண்டரை.

"எழுதிக்கொள்ளம்மா" என்றார்.